கையசைத்தவர்கள் வீடு சேரும் நேரம்

“அனுப்பிட்டு வர்றப்ப வழியில எங்கயும் நிக்காதீங்கடா, நேரா வீட்டுக்குப் போங்க, இல்லாட்டி…” என்று அடைக்கலத்தின் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார், அந்த ‘இல்லாட்டி’க்குப் பிறகு என்ன வந்தது என்பதுதான் அடைக்கலத்துக்குத் தெரியாமல் போயிற்று, ஏனென்றால் அது அவர் இருபத்திரண்டு வயதில் முதன்முதலாக மலேசியாவுக்குக் கிளம்பிய காலை, அப்பா சொன்னது வழியனுப்ப வந்த கூட்டத்துக்கு, நடுவில் விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டதில் மீதிப் பேச்சு அந்தப் பக்கமே தங்கிவிட்டது. இருபது வருஷம் கழித்து அவர் திரும்பி வந்தபோது அப்பா இல்லை. அன்றைக்கு வந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். ‘இல்லாட்டி சோறு ஆறிப்போயிரும்’னாரு என்றார் ஒருவர், ‘இல்லாட்டி மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளிருக்காது’ன்னாரு என்றார் இன்னொருவர். இரண்டுமே அப்பா சொல்லக்கூடியதுதான் என்பதால் அடைக்கலம் அதோடு விட்டுவிட்டார்.

புதுக்கோட்டையைத் தாண்டி முப்பது கிலோமீட்டரில் இருக்கிற கொன்றைப்பட்டியில் ஒருவர் விமானம் ஏறுகிறார் என்றால் அவர் மட்டும் திருச்சிக்குப் போவதில்லை, அவரோடு அவருடைய அம்மா, அத்தை, அத்தையின் ஓரகத்தி, பக்கத்து வீட்டுக்காரர், பழைய வாத்தியார் என்று ஒரு வேன் நிறையப் போகும், உள்ளே போகிறவர் கடைசித் தடுப்பைத் தாண்டி மறைகிற வரை எல்லாரும் எக்கி எக்கிக் கையசைப்பார்கள், அழுவார்கள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்ததற்கு வந்தோம் என்று ஒரு கோயில், ஒரு ஜவுளிக்கடை, ஒரு சொந்தக்காரர் வீடு பார்த்துவிட்டு ஊர் திரும்புவார்கள். அந்த வேனை ஓட்டுவதுதான் ஆறு வருஷமாக அடைக்கலத்தின் பிழைப்பு. ஊரில் அவருக்கு ‘மலேசியா’ என்று பெயர். சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தார், ஆனால் மலேசியாவிலிருந்து கொண்டுவந்த நீலப் பெட்டியை விமானக் கம்பெனிச் சீட்டுகூடக் கிழிக்காமல் வேனின் பின்சீட்டுக்கு அடியிலேயே வைத்திருந்தார், சட்டை மாற்றுவதென்றால் வேனைத் திறந்து அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வார், ஏனென்று கேட்டால் அறையில் ஆணி இல்லை என்பார்.

திருச்சிக்கும் கோலாலம்பூருக்கும் வான்வழியாக இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், நாலு மணி நேரப் பயணம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வைகாசிச் செவ்வாய்க்கிழமை அந்த நாலு மணி நேரம் ஒன்றரை மணி நேரமானது. அன்று மழை வரும்போல இருந்ததால் கொன்றைப்பட்டி வேன் எங்கும் நிற்காமல் பறந்து வந்தது, வந்த வேகத்தில் மாரிக்கண்ணு ஆத்தா வாசல் தாண்டி உள்ளே கால் வைத்தபோது தொலைபேசி அடித்தது, “ஆத்தா, எறங்கிட்டேன்” என்றான் அவளுடைய மகன், “சரிப்பா, சாப்பிட்டியா” என்றாள் ஆத்தா. அடுத்த வாரம் போன வேன் ஜவுளிக்கடையில் மூன்று மணி நேரமும் ஒரு சடங்கு வீட்டில் ஐந்து மணி நேரமும் உட்கார்ந்துவிட்டு வந்தது, விமானம் பதினோரு மணி நேரம் பறந்தது, எரிபொருள் மட்டும் நாலு மணி நேரத்துக்கானதே செலவாயிற்று, உள்ளே இருந்தவர்கள் தின்ன வைத்திருந்த முறுக்கையெல்லாம் தின்று, பாட்டுக்குப் பாட்டு பாடி, இருபத்திரண்டாம் வரிசைப் பெண்ணுக்கும் முப்பதாம் வரிசைப் பையனுக்கும் ஜாதகம்கூடப் பார்த்துவிட்டார்கள். தூரம் இம்மியும் மாறவில்லை, அதை விமானக்காரர்கள் மூன்று முறை அளந்து பார்த்துவிட்டார்கள். வாசலில் கையசைத்தவர்களில் கடைசி ஆள் வீடு சேருகிறபோது விமானம் தரையிறங்குகிறது, அவ்வளவுதான்.

ஏன் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை, அதற்குள் வேலை நிறைய வந்துவிட்டது. திருச்சியைச் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் வழியனுப்புவோர் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தன. சைக்கிளில் வந்து கையசைத்துவிட்டு மணப்பாறைக்கு மிதித்துக்கொண்டு போன ஒரு பெரியவரால் நூற்றெண்பது பேர் பொழுது சாயும்வரை வானத்தில் இருந்ததால், சைக்கிளில் வருகிறவர்கள் கைகூப்பலாம், கையசைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். ஜவுளிக்கடை, சொந்தக்காரர் வீடு கூடாது, வழியில் டீ மட்டும் ஒருமுறை, பத்து நிமிஷம் என்று இன்னொரு தீர்மானம். வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவர் கணக்கில் இல்லை, கையசைத்தவர் மட்டும்தான் கணக்கு என்பது பத்துப் பதினைந்து பயணங்களில் தானாகவே தெரிந்துபோயிற்று. விமானத்தில் கேப்டன், “கீரனூர், அறந்தாங்கி வேன்கள் வீடு சேர்ந்துவிட்டன, கொன்றைப்பட்டி வேன் ஒரு ரயில்வே கேட்டில் நிற்கிறது, பயணிகள் இன்னும் ஒருமுறை காபி அருந்தலாம்” என்று அறிவித்தார். அந்தப் பக்கம் அழைத்துப்போக வருகிறவர்கள் விமான நிலையத்தைக் கேட்காமல் ஊருக்குப் போன் போட்டு, “வேன் எங்கே வருது?” என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார்கள். கொன்றைப்பட்டிப் பள்ளிக்கூடத்தில், வழியனுப்ப வந்த அத்தை கீரனூரில் முக்கால் மணி நேரம் சேலை பார்த்தால் விமானம் எத்தனை மணிக்கு இறங்கும் என்று ஏழாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் கேட்டிருந்தார்கள், பாதிப் பிள்ளைகள் முக்கால் மணி நேரத்தில் எந்த அத்தை சேலை எடுத்திருக்கிறாள் என்று எழுதிவைத்தன.

பூங்கொடி விஷயத்தில்தான் கொஞ்சம் சிக்கலாயிற்று. கல்யாணமாகி நாற்பதாம் நாள் புருஷனை ஏற்றிவிட்டுத் திரும்பியவள் மாமியார் வீட்டுக்குள் போய் ஒரு மணி நேரம் ஆகியும் விமானம் இறங்கவில்லை. மாமியார் அவளை வெளியே கூட்டிவந்து, விளக்கேற்றி, வலது காலை எடுத்து வைக்கச் சொல்லி மறுபடி உள்ளே அழைத்தாள், அப்போதும் இறங்கவில்லை. கடைசியில் அவளுடைய அண்ணன் வந்து அரிமளத்தில் இருக்கிற அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போக, அங்கே நடையில் அவள் பையைத் தொப்பென்று போட்டாள், கோலாலம்பூரில் சக்கரம் தரையைத் தொட்டது. “அப்ப இத்தன நாளு நா வடிச்சுப் போட்டது ஹோட்டல் சோறா?” என்று மாமியார் மூன்று நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் அடுத்த விடுமுறையில் வந்து புதுக்கோட்டையில் இரண்டு பேருக்கு மட்டும் ஒரு வீடு பார்த்தான், அதற்கப்புறம் சிக்கல் இல்லை. ரேஷன் கார்டில் இருக்கிற வீடு வேறு, விமானம் ஒத்துக்கொள்கிற வீடு வேறு என்று ஊருக்குப் புரிந்தது, சில வீடுகளில் ஆம்பளைகள் பெண்டாட்டியை வழியனுப்பக் கூட்டிப்போகவே பயந்தார்கள். இதற்கெல்லாம் ஊரிலேயே உரக்கச் சிரித்தவர் அடைக்கலம்தான்; அவர் யாருக்கும் கையசைத்ததில்லை, கூட்டம் வாசலுக்குப் போனால் அவர் வேனிலேயே ஸ்டியரிங்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், வண்டியைப் பார்த்துக்கணும்ல என்பார்.

அந்த டீ ஒன்று, பத்து நிமிஷம் என்பது நார்த்தாமலைப் பிரிவில் தமிழரசியின் கடையில். தமிழரசிக்கு நாற்பத்தாறு நாற்பத்தேழு இருக்கும், புருஷன் செத்துப் பன்னிரண்டு வருஷம், முன்னால் கடை, பின்னால் ஓட்டு வீடு. வேன் நின்றால் கூட்டம் பின்பக்கம் போகும், அடைக்கலம் கடைக்குப் போவார், அவருக்கென்று விளிம்பு நசுங்கிய ஒரு டம்ளர் இருந்தது, சர்க்கரை எவ்வளவு என்று அவள் கேட்டதில்லை. “மலேசியாக்காரரே, அங்க டீயை இழுத்து இழுத்து ஆத்துவாங்களாமே, நீங்க ஒருநாள் ஆத்துங்களேன் பாப்போம்” என்பாள். அவர் ஆற்றுவார், பாதி தரைக்குப் போகும். “நல்லவேளை, இருபது வருஷமும் டீக்கடையில வேலை பாக்கல” என்பாள். அவர் ஒருமுறை உடைந்த ஓடுகளை மாற்றிக்கொடுத்தார், ஒருமுறை தண்ணீர்க் குழாயைச் சரிசெய்தார், எல்லாம் வெளியில் நின்றபடி. அவளுடைய வீட்டுக்குள் அவர் போனதில்லை. அந்தப் பத்து நிமிஷம் சங்கத் தீர்மானத்தில் யார் சொல்லி ஏறியது என்று அவர் யோசித்ததும் இல்லை.

இப்படியிருக்கும்போது அவருடைய தங்கை வள்ளிக்கண்ணுவின் மகள் கோகிலவாணிக்குக் கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. வியாழக்கிழமை அவர்கள் ஊர் நேரம் மாலை ஐந்து மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், ஒரு நிமிஷம் தாண்டினால் இடம் அடுத்த பெண்ணுக்கு. வியாழக்கிழமை காலை ஒன்பது மணி விமானத்தில்தான் சீட்டுக் கிடைத்தது. விமான நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால், அவர்கள் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் நம் நேரம் பகல் ஒன்றரைக்குள் இறங்கியாக வேண்டும். “வேன் பதினொன்னே காலுக்கெல்லாம் ஊருக்கு வந்துரும், என்ன பயம்?” என்றார் அடைக்கலம்.

வாசலில் கோகிலா எல்லாரையும் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, வேன் நின்ற இடத்துக்கே வந்துவிட்டாள்.

“மாமா, எறங்குங்க.”

“வண்டியப் பாத்துக்கணும்டா.”

“வண்டிய எவனும் தின்னுற மாட்டான். நீங்க வந்து கை ஆட்டினாத்தான் நா உள்ள போவேன். சின்ன வயசுல வாரா வாரம் போன்ல கத பேசிட்டு, இப்ப ஸ்டியரிங்கப் புடிச்சிட்டு உக்காந்திருக்கீங்க.”

அவர் இறங்கினார், போனார், அவள் கடைசித் தடுப்பைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது வலது கையைத் தூக்கி அசைத்தார், ஒருமுறை அசைத்ததும் கை நிற்கவில்லை, அவள் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் அசைத்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது ஒரு நிமிஷம்கூட வீணாகக் கூடாது என்று நார்த்தாமலைப் பிரிவில் நிற்கவில்லை. தமிழரசி டம்ளரோடு ரோட்டோரம் வந்து நின்றிருந்தாள். அவர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு வந்துவிட்டார், வந்த பிறகு ஏதோ ஒரு திருப்பத்தைத் தவறவிட்டதைப்போல இருந்தது, ரோடு நேராகத்தான் இருந்தது.

பதினொன்று பத்துக்கு எல்லாரையும் அவரவர் வாசலில் இறக்கிவிட்டார். பதினொன்றே காலுக்கு போன் வரவில்லை, பதினொன்றரைக்கும் வரவில்லை. வள்ளிக்கண்ணு வீடு வீடாகப் போய்த் தலையெண்ணினாள், பதினேழு பேரும் வீட்டில்தான் இருந்தார்கள். திருச்சி விமான நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி சங்கத்துக்குப் பேசினார். மற்ற ஊர்க்காரர்கள் எல்லாரும் வீடு சேர்ந்தாயிற்று, கொன்றைப்பட்டியில் ஒருவர் பாக்கி, விமானம் கடலுக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருக்கிறது, எல்லாரும் நலம், காபி தீர்ந்துவிட்டது.

“யாருடி இன்னும் ஊர் சுத்துறது?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள் பேச்சி அத்தை, ஊரில் யாருக்கும் பயப்படாதவள், அன்றைக்கு வேனில் முன்சீட்டில் வந்தவள். வேன் பக்கத்தில் நின்றிருந்த அடைக்கலத்தைப் பார்த்ததும் நின்றாள். “ஏண்டா மலேசியா, நீ கை ஆட்டுனியே!”

உடனே ஊரே சேர்ந்து அவரை மாடி அறைக்கு ஏற்றியது. அறைக்குள் போனார், கட்டிலில் உட்கார்ந்தார், ஊர் கீழே நின்று போனைப் பார்த்தது. ஒன்றுமில்லை. அண்ணன் ராமையா, “இதென்ன பேச்சு, அவன் பொறந்த வீடு இருக்கையில” என்று கையைப் பிடித்து மேலத்தெரு வீட்டுக்கு அழைத்துப்போனார். அண்ணனுக்கும் அவருக்கும் மனத்தாங்கல் எதுவும் கிடையாது, அவருக்கென்று ஓர் அறையைக்கூட ஒழித்து வைத்திருந்தார்கள், அன்றைக்கும் அவர் உள்ளே வந்ததும் அண்ணி ஓடிப்போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். அடைக்கலம் அந்த நாற்காலியைப் பார்த்தார். விமானம் வட்டமடித்தது. அப்பா படுத்திருந்த கட்டிலில் படுத்துப் பார்த்தார், சமையலறையில் நின்று பார்த்தார், யாரோ சொன்னார்கள் என்று குலசாமி கோயிலுக்குள்ளும் ஒருமுறை போய்வந்தார். மணி பன்னிரண்டு இருபது ஆயிற்று.

“அண்ணே,” என்றாள் வள்ளிக்கண்ணு. அதற்குமேல் சொல்லாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

“நீ சொல்ல மாட்ட, நா சொல்றேன்,” என்றாள் பேச்சி அத்தை. “ஆறு வருஷமாடா! ஒண்ணுக்கு வரலேன்னாலும் வந்த மாதிரி நாங்க அத்தன பேரும் கடைக்குப் பின்னால போய் ஒதுங்கி நிக்கிறோம், எதுக்குங்கிற? பத்து நிமிஷம்னு தீர்மானம் போட நானு சங்கத்துல தொண்ட கிழியப் பேசினேன், எனக்கு டீயே ஆகாது, பித்தம்!”

கூட்டம் சிரித்தது, ராமையா அண்ணன்கூட மேல்துண்டால் முகத்தைத் துடைப்பதுபோலச் சிரித்தார். அடைக்கலத்துக்குக் காது சுட்டது. அவர் வேனில் ஏறினார், நாலைந்து பேர் பின்னால் ஏறப்போக, “எறங்குங்கடா, ஒரு ஆளு போதும்” என்று பேச்சி அத்தை இழுத்துப்போட்டாள்.

கொன்றைப்பட்டியிலிருந்து நார்த்தாமலைப் பிரிவுக்கு ஐம்பது நிமிஷம். ஐம்பது நிமிஷமும் அவர் மனதில் கோகிலா ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே கடலையும் கையில் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்பா கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார், இத்தனை வருஷம் அந்த ‘இல்லாட்டி’யையே நினைத்துக்கொண்டிருந்ததில் அதற்கு முன்னால் இருந்த ‘வீட்டுக்கு’ என்பதைக் காதில் வாங்காமலே விட்டுவிட்டோம் என்று அவருக்குப் பட்டது. புதுக்கோட்டையில் ஒரு கல்யாண ஊர்வலம் வழிவிட்டது. கொன்றைப்பட்டி வேன் என்று கண்ணாடியில் எழுதியிருந்ததைப் பார்த்து மாப்பிள்ளையே காரிலிருந்து இறங்கி, “விடுங்கய்யா, மேல ஆளு தொங்குது” என்றார்.

ஒன்றே காலுக்குக் கடைக்குப் போய்ச் சேர்ந்தார். தமிழரசி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

“ஹாரன் ரெண்டு அடிச்சீங்க. டீ ஒண்ணு ஆறிக் கெடக்கு.”

“தமிழரசி, விமானம் இன்னும் எறங்கல.”

“தெரியும். ரேடியோவுல சொல்றான், போற வர்ற பஸ்ஸுல சொல்றான், கொன்றைப்பட்டியில ஒரு ஆளுக்கு வீடு தெரியலன்னு.” இப்போது நிமிர்ந்தாள். “உங்க ஊர் அத்தையும் போன்ல சொன்னாங்க. அவங்க சொன்னது இருக்கட்டும், நீங்க சொல்லுங்க.”

அவர் சொன்னார். இருபது வருஷம் ஒரு பெட்டியோடு எட்டு அறை மாறி மாறி இருந்ததையும், இங்கே வந்து ஆறு வருஷமாகப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருப்பதையும், எங்கே போனாலும் மனதில் கிலோமீட்டரை இந்தப் பிரிவிலிருந்துதான் எண்ணுகிறார் என்பதையும், திருச்சி இங்கிருந்து முப்பது, ஊர் இங்கிருந்து நாற்பத்தேழு, கோலாலம்பூர் இங்கிருந்து இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் என்று, வரிசையில்லாமல் சொன்னார்.

தமிழரசி கையைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க உள்ள வந்து விமானம் எறங்கிருச்சுன்னா, நாளையிலேருந்து இந்த ரோட்டுல போற அத்தன வேனும் எனக்கு ஹாரன் அடிக்கும்.”

“அடிக்கும்.”

“எறங்கலேன்னா அதவிட அசிங்கம்.”

“ஆமா.”

“ஊரு பேசுறத நா பாத்துக்குவேன், பன்னெண்டு வருஷமா பாத்துட்டுத்தான இருக்கேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. பொண்ணு எறங்கணுமேன்னு ஒரு காலு வெச்சிட்டு, போன் வந்ததும் ‘அப்ப நா வர்றேன்’னு கெளம்புற சோலி எங்கிட்ட வேண்டாம். அதுக்கு ரோட்டோரம் நின்னு டீ குடிச்சாப் போதும், டம்ளர் இருக்கு.” கதவைத் திறந்து விட்டுவிட்டு உள்ளே போனாள், பின்கட்டில் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

மணி ஒன்று இருபத்திரண்டு. ரோட்டில் ஒரு பஸ் வேகத்தைக் குறைத்தது, ஜன்னல்களெல்லாம் தலை.

அடைக்கலம் போனைக் கடைப் பலகையில் வைத்து, “அடிச்சா நீங்களே எடுங்க” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். பிறகு வேனுக்குப் போய், பின்சீட்டுக்கு அடியிலிருந்து நீலப் பெட்டியை இழுத்தெடுத்துக்கொண்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டுக்குள் போனார்.